மை தொடாத கோடுகள்

(பழைய கட்டட அலங்காரங்களை வரையக் கற்கும் கோடை வகுப்பின் முதல் நாளில் ஓவிய ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



1834-ஆம் ஆண்டு ஸ்பெயினின் கிரனடா நகரத்துக்கு இரண்டு இளம் கட்டடக் கலைஞர்கள் வந்து சேர்ந்தார்கள். ஒருவர் பிரெஞ்சுக்காரர், ஜூல் கூரி. மற்றவர் லண்டனில் பிறந்த ஓவன் ஜோன்ஸ், வயது இருபத்தைந்து. இருவரும் ஏதென்ஸில் பழக்கமாகி, எகிப்தையும் கான்ஸ்டான்டிநோபிளையும் சுற்றிப் பார்த்துவிட்டு, அல்ஹம்ப்ராவைப் பார்க்க வந்தவர்கள். அல்ஹம்ப்ரா என்பது ஊருக்கு மேலே குன்றில் இருக்கும் கோட்டை அரண்மனை. நஸ்ரித் வம்சத்துச் சுல்தான்கள் கட்டியது. நாம் இன்று படங்களில் பார்க்கிற பகுதிகளில் பெரும்பாலானவை பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. 1492-இல் கிறிஸ்தவ அரசர்கள் கைக்குப் போன பிறகு ஒட்டுப்போட்டும் இடித்தும் கவனிக்காமலும் விட்டதில், இவர்கள் போனபோது பல இடங்கள் பாழடைந்து கிடந்தன.

போனவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? எல்லோரும் செய்வதுபோல் நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்து நிலாவொளியில் முற்றம், நீர்த்தொட்டி என்று நீர்வண்ணம் தீட்டவில்லை. அளந்தார்கள். அங்கே சுவரில் உள்ள சுதை வேலை அதிகம் புடைத்திருக்காது, மெல்லிய புடைப்புதான். அதனால் பசை போடாத தாளைச் சுவரில் அழுத்தி அச்சு எடுக்க முடிந்தது. பிளாஸ்டர் வார்ப்புகளும் எடுத்தார்கள். ஏறக்குறைய ஆறு மாதம் இந்த வேலை. ஆகஸ்ட் மாதத்தில் கூரிக்குக் காலரா வந்தது. முப்பத்தொரு வயதில் கிரனடாவிலேயே இறந்துபோனார்.

ஜோன்ஸ் தனியாக லண்டன் திரும்பினார், 1837-இல் மறுபடியும் கிரனடா போனார், மிச்ச அளவுகளை எடுத்தார். நண்பர் பெயரையும் சேர்த்தே அவற்றை நூலாக வெளியிட்டார். அதிலும் ஒரு சிக்கல். அல்ஹம்ப்ராவின் வண்ணங்களை அச்சிடத் தெரிந்தவர்கள் அப்போது லண்டனில் இல்லை. கல்லச்சில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிக் கல். ஒன்றின்மேல் ஒன்று இம்மி பிசகாமல் விழ வேண்டும். ஜோன்ஸ் தாமே அச்சகம் வைத்து, ஆட்களைப் பழக்கி, 1836 தொடங்கி 1845 வரை பகுதி பகுதியாக அந்த நூலைக் கொண்டுவந்தார். வேல்ஸில் இருந்த குடும்பச் சொத்து அதில் கரைந்தது. விற்பனை என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை.

ஒரு சுவரில் உள்ள பூவேலைக்காக ஒரு மனிதர் இவ்வளவு செய்வாரா என்று தோன்றும். அவருக்கு அந்தச் சுவரில் தெரிந்தது பூவேலைக்குப் பின்னால் இருக்கிற யோசனை. அதைத்தான் இன்று பேசப்போகிறேன். பழைய அலங்காரத்தைப் பார்த்து வரைவது என்றால் கண்ணுக்குத் தெரிகிற கோட்டைப் பார்த்து வரைவது என்றுதான் நாம் நினைக்கிறோம். தெரிகிற கோடு கடைசியில் வந்த கோடு. அதை வரவழைத்த கோடுகள் அடியில் இருந்தன, வேலை முடிந்ததும் அழிக்கப்பட்டுவிட்டன. நம் வேலை அவற்றைத் திரும்பக் கண்டுபிடிப்பது.

ஒரே ஒரு உருவத்தை எடுத்துக்கொள்வோம். அல்ஹம்ப்ராவின் கோமாரஸ் அரண்மனைப் பகுதியில் சுவரின் கீழ்ப்பாதி முழுக்க ஓடு. அதில் ஒரு வகை ஓட்டுக்கு ஸ்பானியர்கள் 'பஹரீத்தா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், குட்டிப் பறவை என்று. மூன்று சிறகும் ஒரே பக்கம் சுழல்கிற மாதிரி வளைந்திருக்கும். ஒன்றோடு ஒன்று இடைவெளியே இல்லாமல் கோத்துக்கொண்டு சுவர் முழுக்கப் போகும். முதல் தடவை பார்ப்பவர்கள் இதைக் கையால் வரையப் பார்ப்பார்கள். ஒரு பறவை சரியாக வரும். பக்கத்துப் பறவை கொஞ்சம் பருக்கும். நாலாவது பறவைக்கு இடமே இருக்காது.

இப்போது கரும்பலகையைப் பாருங்கள். இது ஒரு சமபக்க முக்கோணம். ஒவ்வொரு பக்கத்தின் நடுப்புள்ளியையும் குறிக்கிறேன். இந்தப் பக்கத்தை எடுத்துக்கொள்வோம்: நடுப்புள்ளிக்கு இந்தப் புறம் உள்ள பாதிக்கு மேல், வெளிப்பக்கம் புடைக்கும்படி ஒரு வில். அந்தப் புறம் உள்ள பாதியில், அதே அளவு வில் உள்பக்கம் குழியும்படி. அடுத்த பக்கத்துக்கும் அப்படியே, சுற்றி வருகிற திசையை மாற்றாமல். மூன்றாவது பக்கம். இப்போது முக்கோணத்தின் நேர்க்கோடுகளை அழிக்கிறேன். பறவை வந்துவிட்டது.

இதில் என்ன நடந்தது? இந்தப் பக்கம் எவ்வளவு சேர்த்தோமோ அந்தப் பக்கம் அவ்வளவே எடுத்தோம். ஆக, பறவையின் பரப்பும் முக்கோணத்தின் பரப்பும் ஒன்றே. முக்கோணங்கள் இடைவெளி இல்லாமல் தளத்தை நிரப்பும் என்பது பள்ளிக்கூடத்திலேயே தெரியும். அப்படியானால் பறவைகளும் நிரப்பித்தான் ஆகவேண்டும். புடைத்த பாதி பக்கத்து ஓட்டின் குழிந்த பாதியில் போய் உட்காரும். நடுப்புள்ளியில் குண்டூசி குத்திப் பறவையை அரைச் சுற்று திருப்பினால் அது பக்கத்துப் பறவைமேல் அச்சாக விழும். ஒரு நல்ல சோதனை சொல்கிறேன்: இதன்மேல் கண்ணாடியை நிறுத்திப் பாருங்கள். எங்கே நிறுத்தினாலும் இரண்டு பாதியும் பொருந்தாது. சுழலும், ஆனால் பிரதிபலிக்காது. அதனால்தான் அந்தச் சுவர் அசைகிற மாதிரி ஒரு மயக்கம் வருகிறது.

ஓட்டு வேலைக்காரர் இதைச் சுவரில் வரைவதில்லை. பெரிய ஓட்டைப் பூச்சு போட்டுச் சுட்டெடுத்து, அதிலிருந்து ஒவ்வொரு உருவத்தையும் கொத்தி எடுப்பார். ஒரு ஓட்டுக்கு ஒரே நிறம். கோபால்ட்டில் நீலம், செம்பில் பச்சை, இரும்பில் தேன் நிறம், மாங்கனீஸில் கருமை, வெள்ளீயத்தில் வெள்ளை. மொராக்கோவின் ஃபெஸ் நகரத்தில் இந்தக் கொத்து வேலை இன்றும் நடக்கிறது. துண்டுகளைத் தரையில் முகம் கீழாகக் கவிழ்த்து அடுக்குவார்கள், முதுகில் சாந்து ஊற்றி ஒரே பலகையாக்குவார்கள். அடுக்கும்போது வண்ணம் தெரியாது, முதுகின் களிமண் நிறம்தான் தெரியும். அடியில் உள்ள கணக்கு மனதில் இல்லாமல் இந்த வேலையைச் செய்யவே முடியாது.

டச்சு ஓவியர் எஷர் இதே சுவர்களைப் பார்த்தவர். 1922-இல் ஒரு தடவை வந்தார். 1936-இல் மனைவி யெட்டாவுடன் மறுபடி வந்தார். கப்பல் கம்பெனிக்குத் தம் படங்களைக் கட்டணமாகக் கொடுத்துச் சரக்குக் கப்பலில் செய்த பயணம் அது. இருவரும் நாள் கணக்கில் அல்ஹம்ப்ராவில் உட்கார்ந்து ஓட்டு வடிவங்களைப் பிரதி எடுத்தார்கள். பிறகு அவர் வரைந்த மீன்களும் பல்லிகளும் குதிரை வீரர்களும் எல்லாம் நாம் இப்போது கரும்பலகையில் செய்த அதே காரியம்தான்: இங்கே வெட்டு, அங்கே ஒட்டு. முக்கோணத்துக்குப் பறவைச் சிறகு கொடுத்தவர்கள் அதற்குக் கண்ணும் அலகும் வைக்காமல் நிறுத்திக்கொண்டார்களே என்று எஷருக்கு ஆதங்கம். அவர்கள் நிறுத்திக்கொண்டதுதான் அழகு என்பது என் கட்சி. கண் வைத்தவுடன் நாம் மீனைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறோம், கோடு காணாமல் போய்விடுகிறது.

கணித நண்பர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள். தளத்தில் திரும்பத் திரும்ப வரும் அலங்காரம் எத்தனை ஆயிரம் இருந்தாலும், சமச்சீர் முறையில் பார்த்தால் பதினேழு வகைக்குள் அடங்கிவிடும். இதை ரஷ்யர் ஃபெடரோவ் 1891-இல் நிரூபித்தார். அந்தப் பதினேழும் அல்ஹம்ப்ராவில் உண்டா என்று அறிஞர்கள் நெடுநாளாகச் சண்டை போடுகிறார்கள். வண்ணத்தைக் கணக்கில் சேர்ப்பதா, சிதைந்த துண்டை ஒப்புக்கொள்வதா என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. வரைகிறவருக்கு இதில் பெரிய லாபம் இல்லை. நகர்வோம்.

அழிந்த கோடுகளைத் தேடி இப்போது ஆக்ரா. எர்னஸ்ட் ஹான்கின் என்ற ஆங்கிலேயர் அங்கே அரசாங்கத்தின் நுண்ணுயிரியல் நிபுணராக இருந்தார். கங்கை, யமுனை நீரில் காலராக் கிருமி சீக்கிரமே செத்துவிடுகிறது என்று 1896-இல் எழுதியவர்; மருத்துவ வரலாற்றில் அவருக்கு அதனால் ஓர் இடம் உண்டு. கூரியைக் கொன்ற நோயை ஆராய்ந்தவர்தான் கூரி விட்டுச்சென்ற கேள்விக்கும் ஒரு விடை கண்டுபிடித்தார் என்பது என்ன பொருத்தமோ! ஹான்கினுக்கு ஓய்வு நேரத்தில் முகலாயக் கட்டடங்களின் நட்சத்திர அலங்காரங்கள்மேல் பித்து. இவற்றை எப்படி வரைந்திருப்பார்கள் என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, ஃபதேபூர் சிக்ரியில் ஒரு குளியல் மாளிகையின் சாந்துப் பூச்சில் மெல்லிய கீறல்கள் கண்ணில் பட்டன. வண்ணக் கோடுகளோடு சம்பந்தமே இல்லாத மாதிரி பலகோணங்கள். வேலை செய்தவர் முதலில் கூரிய முனையால் கீறிக்கொண்ட வழிகாட்டிக் கோடுகள் அவை.

அந்தக் கீறலிலிருந்து ஹான்கின் ஒரு முறையைப் படித்துக்கொண்டார், 1905-இல் எழுதினார். 1925-இல் இந்தியத் தொல்லியல் துறை அதைச் சிறு நூலாகவே வெளியிட்டது. அந்த முறையைச் செய்து காட்டுகிறேன், ஏனென்றால் இந்த வகுப்பில் பாதி நேரம் இதைத்தான் செய்யப்போகிறோம்.

ஒரு சதுரம். அதன் மூலைவிட்டத்தில் பாதி நீளத்துக்குக் காம்பஸைத் திறந்து, ஒவ்வொரு மூலையிலும் ஊன்றி, பக்கங்களை வெட்டுங்கள். எட்டுப் புள்ளி கிடைக்கும். சேர்த்தால் ஒழுங்கான எண்கோணம். இப்படிச் சதுரங்களை வரிசையாக அடுக்கினால் எண்கோணங்களும், நாலு எண்கோணம் சந்திக்கிற மூலையில் சாய்ந்த சிறு சதுரமும் வரும். நம் பழைய வீட்டுத் தரைகளில் பார்த்திருப்பீர்கள். இது அடிப்படை வலை. இனிமேல்தான் வேடிக்கை. ஒவ்வொரு விளிம்பின் நடுப்புள்ளியிலும் பெருக்கல் குறி போடுவதுபோல் இரண்டு கோடு குறுக்கே போகட்டும். விளிம்போடு 45 பாகை சாய்வு. கோடு நேராகப் போய், எதிரே வருகிற இன்னொரு கோட்டில் முட்டி நிற்கட்டும். எண்கோணத்துக்குள் இரண்டு சதுரம் ஒன்றன்மேல் ஒன்று திருப்பிவைத்த எட்டு முனை நட்சத்திரம். சிறு சதுரத்துக்குள் திருப்பி வைத்த இன்னொரு சதுரம். சாய்வை மாற்றி 67.5 பாகை வைத்துப் பாருங்கள்: நட்சத்திரம் மெலிந்து கூராகும், சிறு சதுரத்துக்குள் நாலு முனை நட்சத்திரம் பிறக்கும். வலை ஒன்றுதான், ஒரு கோணத்தைத்தான் மாற்றினோம். இப்போது எண்கோணங்களை அழித்துவிடுங்கள். பார்க்கிறவர் எவரும் இது எண்கோணத்தில் பிறந்தது என்று சொல்ல முடியாது. ஹான்கினே குளியல் அறைக்குள் போயிருக்காவிட்டால் சொல்லியிருக்க மாட்டார்.

இஸ்தான்புல்லின் தோப்காப்பி அரண்மனை அருங்காட்சியகத்தில் ஒரு காகிதச் சுருள் இருக்கிறது. நீளம் 29.5 மீட்டர், அகலம் ஏறக்குறைய 33 சென்டிமீட்டர். ஈரான் பக்கத்தில், பதினைந்தாம் நூற்றாண்டின் கடைசியிலோ அடுத்ததன் தொடக்கத்திலோ தயாரானது என்று கருதுகிறார்கள். உள்ளே 114 வரைபடங்கள்: தளத்துக்கு, கூரை மாடத்துக்கு, எழுத்து அலங்காரத்துக்கு. கட்டட மேஸ்திரிகளின் பட்டறைக் கையேடு. குல்ரு நெசிப்போலு என்ற வரலாற்றாசிரியர் 1995-இல் இதை முழுமையாக அச்சிட்டார். கறுப்பு மையில் இருக்கும் வடிவத்துக்கு அடியில், மை தொடாமல் முனையால் மட்டும் கீறிய கோடுகள் தாள் முழுக்க ஓடுகின்றன. வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். சாதாரணப் புகைப்படத்தில் விழாது. சில படங்களில் வலையைச் சிவப்புப் புள்ளிக் கோடாகவும் போட்டிருக்கிறார்கள். ஹான்கின் சாந்தில் பார்த்ததே இங்கே தாளில் இருக்கிறது.

2007-இல் பீட்டர் லு, பால் ஸ்டைன்ஹார்ட் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். ஈரானின் இஸ்ஃபஹானில் 1453-இல் கட்டிய தர்ப்-இ-இமாம் என்ற வழிபாட்டிடம் போன்றவற்றின் அலங்காரத்தை ஐந்தே ஐந்து அச்சு உருவங்களை அடுக்கி உண்டாக்கலாம் என்று காட்டினார்கள். பத்துகோணம், ஐங்கோணம், நீண்ட அறுகோணம், சாய்சதுரம், வில்முடிச்சுப் போன்ற ஒன்று. ஒவ்வொன்றின் மேலும் கோடு வரைந்திருக்கும்; உருவங்களைப் பொருத்தினால் கோடுகள் தாமே இணையும். அன்றைய கைவினைஞர்களுக்கு நவீனப் படிகக் கணிதம் தெரிந்திருந்ததா என்று பத்திரிகைகள் எழுதித் தள்ளின. எனக்கு அதில் அக்கறை இல்லை. அட்டையில் ஐந்து அச்சு வெட்டிவைத்துக்கொண்டு ஒரு மேஸ்திரி தரையில் தள்ளித் தள்ளிப் பார்த்திருப்பார் என்ற நினைப்பே போதும்.

புள்ளிக் கோலத்தைப் பற்றி இன்னும் பேசவில்லையே என்று இரண்டாம் வரிசையில் இருக்கும் அம்மாவுக்குத் தோன்றும். ஒன்றே ஒன்று சொல்கிறேன். கோலத்தில் வலையை அழிப்பதில்லை, புள்ளியைக் கடைசிவரை விட்டுவைக்கிறோம். ரகசியம் வாசலிலேயே இருக்கிறது. தாம்பரத்தில், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில், கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் கோலங்களைக் கணினி மொழியியலின் கண் கொண்டு ஆராய்ந்து 1974-இல் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் இன்றும் மேற்கோளாக வருகிறது. கோலம் போடும் கை எதை நினைவில் வைத்திருக்கிறது என்ற கேள்வியை அவர்கள் கணக்காக்கினார்கள்.

மறுபடி ஜோன்ஸிடம் வருவோம். இதுவரை கோட்டைப் பற்றியே பேசினேன். வண்ணத்தில் அவர்தான் ஆசான்.

அல்ஹம்ப்ராவின் சுதை வேலையில் மிஞ்சியிருந்த வண்ணத் துணுக்குகளை அவர் கிட்டப் போய்ப் பார்த்தார். பச்சையாகத் தெரிந்த பின்னணிகள் ஆதியில் நீலமாக இருந்தவை, காலத்தில் மாறியவை என்று சொன்னார். இடுக்குகளில் நீலம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது அவருக்குச் சாட்சி. பிறகு ஒரு ஒழுங்கைக் கண்டார். சிவப்பு ஆழமான குழிகளில் இருந்தது, நிழல் அதன் வேகத்தைத் தணிக்கும். நீலம் நிழல் படும் பக்கங்களில். வெளிச்சம் நேராக விழும் மேற்பரப்பில் பொன். அதாவது எந்த வண்ணம் எங்கே என்பதை உருவத்தின் மேடுபள்ளம் தீர்மானிக்கிறது. எனக்குப் பிடித்த நிறம், உனக்குப் பிடித்த நிறம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இதை அவர் 1851-இல் லண்டன் ஹைட் பூங்காவில் பிரம்மாண்டமாகச் சோதித்தார். பெருங்கண்காட்சிக்காகப் பாக்ஸ்டன் என்பவர் கட்டிய கண்ணாடி மாளிகை, இரும்பும் கண்ணாடியுமாக அரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளம். அதன் உள்புறத்துக்கு வண்ணம் தீட்டும் பொறுப்பு ஜோன்ஸுக்கு. சிவப்பு, மஞ்சள், நீலம் என்று அவர் திட்டம் கொடுத்ததும் பத்திரிகைகள் கிழித்தன. அவர் அசையவில்லை. இரும்பின் குழிந்த பகுதிக்கு நீலம், புடைத்த பகுதிக்கு மஞ்சள், அடிப்பக்கத்துக்குச் சிவப்பு, இடையில் வெள்ளை. திறந்த பிறகு திட்டியவர்கள் பலர் பாராட்டினார்கள். தூரத்தில் வண்ணங்கள் கலந்து ஒரு மூடுபனி மாதிரி ஆகிவிட, கட்டடம் இன்னும் நீளமாகத் தெரிந்தது.

வண்ணத்தின் அளவுக்கும் அவர் ஒரு கணக்கு வைத்திருந்தார்: மஞ்சள் மூன்று பங்கு, சிவப்பு ஐந்து, நீலம் எட்டு. வண்ணத் தயாரிப்பாளர் ஜார்ஜ் ஃபீல்டிடமிருந்து எடுத்துக்கொண்டது. இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்றைய போஸ்டர் கலருக்கு அந்த எண் சரிவராது. ஆனால் அதன் உள்ளே இருக்கிற புத்தி சரியானது. கத்துகிற நிறம் கொஞ்சமாக, அடங்கின நிறம் நிறைய. மாணவர்கள் செய்வது நேர் எதிர். பெட்டியில் இருக்கிற எல்லா நிறத்துக்கும் சம உரிமை கொடுத்துவிடுகிறார்கள்.

இன்னொரு பழக்கத்தையும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வலுவான நிறங்களை ஒட்ட வைக்காதீர்கள், நடுவில் ஒரு கரை போடுங்கள். வெள்ளையோ பொன்னோ கறுப்போ எதுவானாலும் சரி. பொன் பின்னணிமேல் நிற உருவம் வந்தால் அதற்கு இன்னும் கறுத்த கரை; நிறப் பின்னணிமேல் வேறு நிற உருவம் வந்தால் வெளிர்ந்த கரை. சிவப்பும் நீலமும் ஒட்டி உட்கார்ந்தால் விளிம்பு துடிக்கும், கண் வலிக்கும். பாரிஸின் கோபெலின் நெசவுச் சாலையில் வேலை பார்த்த வேதியியலாளர் ஷெவ்ரூல் இதற்குக் காரணம் சொன்னார்: பக்கத்தில் இருக்கும் நிறம் நம் கண்ணில் இந்த நிறத்தை மாற்றிவிடுகிறது. கறுப்புச் சாயம் சரியில்லை என்று வந்த புகாரை ஆராயப் போனவர் அவர். சாயத்தில் குறை இல்லை, பக்கத்து நூலின் நிறம்தான் கறுப்பைக் கெடுத்தது. கரை போட்டால் இரண்டு நிறமும் தத்தம் நிறமாக நிற்கும்.

1856-இல் ஜோன்ஸ் தம் பெரிய நூலைக் கொண்டுவந்தார், 'அலங்காரத்தின் இலக்கணம்'. நூறு வண்ணத் தகடுகள். எகிப்து, அசீரியா, கிரேக்கம், பைசாந்தியம், அரபு, துருக்கி, மூரிஷ், பாரசீகம், இந்தியா, சீனா என்று உலகம் முழுக்க. பிரான்சிஸ் பெட்ஃபோர்டும் உதவியாளர்களும் ஓராண்டுக்குள் அவ்வளவையும் கல்லில் ஏற்றினார்கள். முன்னுரையிலேயே ஜோன்ஸ் எச்சரித்தார்: இவற்றைப் பார்த்துக் காப்பி அடிக்காதீர்கள், இவற்றுக்கு அடியில் உள்ள கொள்கையைப் பாருங்கள். முப்பத்தேழு விதிகளையும் எழுதி வைத்தார். கடைசி அத்தியாயத்தில் பழைய அலங்காரம் ஒன்றுமே இல்லை, இலைகளும் பூக்களும்தான். இனி இங்கிருந்து புதிதாகத் தொடங்குங்கள் என்ற பொருளில்.

உலகம் என்ன செய்தது? காப்பி அடித்தது. சுவர்த்தாள், கம்பளம், தட்டு என்று அந்தத் தகடுகளைப் பிட்டுப் பிட்டு ஒட்டினார்கள். இன்றும் அந்தத் தகடுகள்தான் வண்ணம் தீட்டும் புத்தகங்களாகக் கடைக்கு வருகின்றன. வண்ணம் தீட்டும் புத்தகத்தை நான் இகழ மாட்டேன். மாலையில் மனம் அடங்க நல்ல துணை. ஆனால் அதில் பத்தில் ஒன்பது பங்கு வேலையை வேறொருவர் முடித்துவிட்டார். கைப்பேசியில் ஒரு கோடு இழுத்தால் பதினாறு கோடாகப் பெருக்கித் தருகிற செயலிகளும் அப்படியே. எதைக் கற்க வந்தோமோ அதை அது செய்துவிடுகிறது.

கலை விமர்சகர் ரஸ்கினுக்கு இந்த ஜோன்ஸ் வகை அலங்காரமே ஆகாது. அல்ஹம்ப்ராவின் வேலைப்பாடு கம்பளத்துக்கும் புத்தக அட்டைக்கும்தான் லாயக்கு என்று எழுதினார். அவர் வசவாகச் சொன்னார். ஜோன்ஸோ வாழ்நாள் முழுக்கக் கம்பளம், பட்டு, சுவர்த்தாள், புத்தக அட்டை, ஏன் சீட்டுக்கட்டின் முதுகுக்குக்கூட வடிவம் வரைந்து கொடுத்தார். அலங்காரம் அன்றாடப் பொருளுக்கு இறங்கி வந்தால் கெட்டுவிடும் என்று நினைக்கிறவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். நான் ஜோன்ஸ் பக்கம்.

ஒரு இடத்தில் மட்டும் ஜோன்ஸ் கை விரித்தார். இந்தியத் துணிகளையும் உலோக வேலையையும் பெருங்கண்காட்சியில் பார்த்து மெய்மறந்தவர். அவற்றைப் பற்றிய அத்தியாயத்தில் பாராட்டுக்குக் குறைவில்லை. ஆனால் நம் கோயில்களின் அலங்காரத்துக்குத் தனியாக ஒதுக்கிய அத்தியாயத்துக்கு மூன்றே தகடுகள். போதிய ஆதாரம் கிடைக்கவில்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். அந்த அத்தியாயத்தில் அவர் குறிப்பிடும் ஒரு நூலை எழுதியவர் தஞ்சாவூர்க்காரர்: ராம் ராஸ்.

1790 வாக்கில் தஞ்சையில் பிறந்து, பெங்களூரில் நீதிபதியாக இருந்தவர். இந்துக்களின் கட்டடக் கலையைப் பற்றிய அவருடைய ஆங்கில நூல், 48 தகடுகளோடு, அவர் மறைந்த பிறகு லண்டனில் அச்சானது. ஆண்டு 1834. கிரனடாவில் கூரி இறந்த அதே ஆண்டு. ராம் ராஸ் மானசாரம் முதலிய சிற்ப நூல்களின் ஏடுகளைத் தேடிப் பிடித்தார். பண்டிதர்களிடம் காட்டினால் வடமொழி புரிகிறது, தொழிற்சொல் புரியவில்லை. சிற்பிகளிடம் காட்டினால் தொழில் கைவந்த கலை, வடமொழி தெரியாது. கடைசியில் தஞ்சையைச் சேர்ந்த கம்மாளச் சிற்பி ஒருவரை உட்கார வைத்து, அவருடைய உதவியால்தான் வரிகளை அவிழ்த்தார். அந்தச் சிற்பியின் பெயரை அவர் எழுதிவைக்காதது எனக்கு இன்றுவரை வருத்தம்.

ஜோன்ஸ் சுவரை அழுத்தி அச்சு எடுத்தார், ஹான்கின் கீறலைத் தேடினார், ராம் ராஸ் நேராக ஆளைக் கேட்டார். மூன்று வழியும் நமக்குத் திறந்திருக்கிறது, மூன்றாவது வழி நமக்கு மற்றவர்களைவிடப் பக்கம். மாமல்லபுரத்தில் 1957 முதல் அரசு சிற்பக் கல்லூரி நடக்கிறது. கும்பாபிஷேக வேலை நடக்கிற கோயிலில் சுதை வேலை செய்கிறவர்கள் சாரத்திலிருந்து இறங்கி டீ குடிக்கிற நேரத்தில் போய்ப் பேசுங்கள். முதலில் எந்தக் கோட்டைப் போடுவீர்கள், எதை அழிப்பீர்கள் என்று மட்டும் கேளுங்கள். மண்டபத்து மேற்கூரையில் இருக்கும் தாமரைப் பதக்கங்களையும் அண்ணாந்து பாருங்கள். இதழ் எட்டா, பன்னிரண்டா, பதினாறா என்று எண்ணினாலே வலை பாதி கிடைத்துவிடும். படம் எடுக்க அனுமதி இல்லாத இடத்தில் எடுக்காதீர்கள். எண்ணி எழுதிக்கொள்ள யாரும் தடை சொல்ல மாட்டார்கள்.

நாளைக்குக் காலையில் வரும்போது திருகு தளராத காம்பஸ் ஒன்று வேண்டும்; பள்ளிக்கூடப் பெட்டியில் வருவது நடுவிலேயே விரிந்துவிடும், வட்டம் மூடாது. முப்பது சென்டிமீட்டர் ஸ்கேல், இரண்டு மூலைமட்டம், கொஞ்சம் டிரேசிங் தாள். வலைக்கு 4ஹெச் பென்சில், மேல்கோட்டுக்கு ஹெச்பி. எழுதித் தீர்ந்துபோன பால்பாயிண்ட் பேனா வீட்டில் கிடந்தால் அதையும் எடுத்து வாருங்கள். மை இல்லாமல் தாளில் கீறுவதற்கு அதைவிட நல்ல கருவி நான் பார்த்ததில்லை. ரப்பர் நான் தருகிறேன்.